விரல் மூட்டுக்கு மறுவாழ்வு

“ஐந்து விரலும் ஒன்றாக இருக்குமா?” என்று நம்மவர் பேச்சில் அடிக்கடி ஒரு கேள்வி எழும். ஒரு வயிற்றிற் பிறந்தவர்களிடையே குணபேதம் காணும்போது, பெரியோர் இதனைச் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்வர். காயமுற்ற விரல் மூட்டைச் சீராக்க முனையும் சத்திரசிகிச்சை வைத்தியரோ இந்தப் பழமொழியைத் தமது தொழிலின் முதல் விதியாகவே கொள்கிறார். சுட்டுவிரலுக்கு நன்மை தரும் சிகிச்சை சின்னவிரலுக்குத் தீமையாக முடியலாம். கணக்கேடு எழுதுவோருக்குப் பொருந்தும் வழி, கவ்வாத்துக் கத்தி பிடிப்போருக்குப் பொருந்தாமற் போகலாம். எந்த விரல், எந்த மூட்டு, யாருடைய கை, அந்தக் கை செய்யும் வேலை யாது என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே வைத்தியர் சிகிச்சையைத் தெரிந்தெடுக்கிறார்.

கண்டி மாவட்டத்தின் தென்பால், மகாவலி கங்கையின் கரையில் அமைந்தது நாவலப்பிட்டி. 1874ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை வந்தெட்டிய நாள் முதலாக, மலைநாட்டுத் தோட்டங்களுக்கு ஒரு வாயிலாக விளங்கி வரும் ஊர் அது. அதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் கொழுந்து பறிக்கும் பெண்களின் கைகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் கூடி, இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளி எடுக்கின்றன. மற்ற விரல்கள் மடங்கி, கிள்ளிய கொழுந்தை உள்ளங்கையிற் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. கை நிறைந்ததும் கொழுந்து முதுகுக் கூடைக்குள் விழுகிறது. ஒரு நாளில் இந்தச் செய்கை ஆயிரக்கணக்கான முறை நிகழ்கிறது. இவற்றுள் ஒரு விரலின் ஒரு மூட்டு மடங்க மறுத்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் பெயரேட்டில் அரைப்பேர் விழும். அரைப்பேர் விழுந்தால் வீட்டில் அடுப்பு எரிவதிலும் குறை நேரும். ஆகவே, பட்டாணிக் கடலையளவே உள்ள ஒரு மூட்டின் நலத்தில் ஒரு குடும்பத்தின் நலம் அடங்கியிருக்கிறது என்று கூறுவது மிகையாகாது.

தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் சரிவான மலையிற் கால் வழுக்கிக் கையூன்றி விழுவதாலும், தேயிலைத் தொழிற்சாலையின் பொறிகளில் விரல் அகப்படுவதாலும், கத்தி தவறி வெட்டுவதாலும், மரம் ஏற்றி இறக்கும்போது நசுங்குவதாலும் விரல் மூட்டுகள் காயமுறுகின்றன. விளையாட்டு மைதானத்தில் வேகமாக வரும் கிரிக்கெட் பந்து விரல் நுனியில் மோதி, நடுமூட்டை நழுவச் செய்வதும் உண்டு. “விரல்தானே, வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும்” என்று இவற்றைப் பொருட்படுத்தாமல் விடுவோர் பலர். கால் எலும்பு முறிந்தால் அன்றே வைத்தியசாலைக்கு விரைவோர், விரல் மூட்டு முறிந்தால் மாதக்கணக்கிற் பொறுத்திருக்கின்றனர். பின்னர் அவர்கள் வைத்தியரை நாடும்போது, எளிய வழிகள் பல அடைபட்டுப் போயிருக்கும்.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள, விரலின் அமைப்பை ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 14 விரலெலும்புகள். பெருவிரலுக்கு இரண்டும் ஏனைய நான்கு விரல்களுக்கு மும்மூன்றும் ஆகும். நான்கு விரல்களிலும் உள்ளங்கையோடு சேருமிடத்தில் அடிமூட்டும், இடையில் நடுமூட்டும், நகத்தருகே நுனிமூட்டும் இருக்கின்றன. விரலுக்குள் அதனை மடக்கும் தசை எதுவும் கிடையாது என்பது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. விரலை வலுவாக மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் தசைநாண்கள், பொம்மலாட்டக் கயிறுகள் போல மணிக்கட்டைக் கடந்து வந்து விரலெலும்புகளைப் பற்றி இழுக்கின்றன.

மூட்டின் உள்ளே எலும்பின் முனைகளைப் பளபளப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இரு பக்கங்களிலும் பிணைப்பு நார்கள் நின்று, மூட்டுப் பக்கவாட்டிற் சாயாமற் காக்கின்றன. உள்ளங்கைப் பக்கத்தில் தடித்த ஒரு நார்த்தகடு, விரல் பின்புறமாக வளைந்துவிடாமல் தடுக்கிறது. இவற்றிற்கு மேலும் கீழும் தசைநாண்கள் ஓடுகின்றன. நடுமூட்டு ஒரு கதவுக் கீல் போன்றது. நேராக நிமிர்ந்த நிலையிலிருந்து ஏறத்தாழ 100 பாகை வரை அது மடங்கும். கைப்பிடியின் இறுக்கத்திற்குப் பெரிதும் துணையாவது இந்த மூட்டே. காயத்தின்பின் விறைத்துப்போவதில் முந்திக்கொள்வதும் இதுவே.

குருத்தெலும்பிற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலால், உடைந்த எலும்பு கூடுவது போலக் குருத்தெலும்பு தானாகப் பழைய நிலைக்கு வளர்ந்துவிடுவதில்லை. முறிந்த துண்டு படியாக விலகி நின்றால், அந்தக் கரடுமுரடான பரப்பின்மேல் மூட்டு அசையும்போதெல்லாம் தேய்வு நிகழும். தேய்வு வலியைத் தரும். மற்றொரு தொல்லை வீக்கத்தினால் வருவது. வீக்கத்தின் நீர் மூட்டைச் சூழ்ந்த மென்மையான படலங்களில் தேங்கி, நாளடைவில் அவற்றைத் தடித்துச் சுருங்கச் செய்கிறது. சுருங்கிய நார்கள் மூட்டைப் பூட்டிவிடுகின்றன. எலும்பு நன்றாகக் கூடியிருந்தும் விரல் மடங்காத காரணம் பெரும்பாலும் இதுவே.

கட்டுப் போடும் நிலையும் இங்கே முக்கியமாகிறது. அடிமூட்டின் பக்க நார்கள் விரல் நிமிர்ந்திருக்கும்போது தளர்ந்தும், மடங்கியிருக்கும்போது இறுகியும் இருக்கின்றன. நிமிர்ந்த நிலையிற் பல வாரங்கள் கட்டி வைத்தால், தளர்ந்த நார் அப்படியே சுருங்கி, பிறகு மடங்க இடந்தராது. நடுமூட்டின் நார்த்தகடோ இதற்கு மாறாக, மடங்கிய நிலையிற் சுருங்கும் இயல்புடையது. ஆகவே, கட்டுப் போடும்போது அடிமூட்டை ஏறத்தாழ 70 பாகை மடக்கியும், நடுமூட்டையும் நுனிமூட்டையும் நேராகவும் வைப்பது பொதுவான வழக்கம். ஒரு பலகைத் துண்டின்மேல் விரல்கள் அனைத்தையும் நீட்டிக் கட்டிவிடும் பழைய வழக்கம் எத்தனையோ கைகளை விறைக்கச் செய்திருக்கிறது.

முதல் நாளிற் செய்யவேண்டியவை எளியவையே. விரலில் மோதிரம் இருந்தால் வீக்கம் ஏறுமுன் அதனைக் கழற்றிவிடுதல் வேண்டும். கழலாவிடின் வைத்தியசாலையில் வெட்டி எடுப்பார்கள். கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைத்திருத்தல் நன்று. எண்ணெய் பூசி உருவுவதும், சுளுக்கு என்று எண்ணி இழுத்து விடுவதும் ஆகாது. நழுவியது போலத் தோன்றும் மூட்டில் முறிவும் கலந்திருக்கக்கூடும். எக்ஸ்றே படம் பார்த்த பின்னரே அதனைப் பிரித்தறிய முடியும். மூட்டின்மேல் வெட்டுக்காயம் இருந்தால், அது எத்துணைச் சிறிதாயினும் அன்றே காட்டவேண்டியது. மூட்டுக்குள் நோய்க்கிருமி புகுந்துவிட்டால், சில நாட்களிலேயே குருத்தெலும்பு கரைந்து போகும். பல் பட்டு உண்டான காயம் இவ்வகையில் மிகக் கொடியது. விரல் துண்டிக்கப்பட்டால், துண்டைச் சுத்தமான ஈரத் துணியிற் சுற்றி, நீர் புகாத பையிலிட்டு, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வைத்துக் கொண்டுவருதல் வேண்டும். துண்டை நேராக ஐஸின்மேல் வைத்தால் அது உறைந்து பயனற்றுப் போகும்.

எல்லா மூட்டுக் காயங்களுக்கும் சத்திரசிகிச்சை வேண்டும் என்பதில்லை. நுனிமூட்டை நிமிர்த்தும் தசைநாண் அறுந்து நகம் தொங்கிவிட்டால், அம்மூட்டை மட்டும் நேராக நிறுத்தும் சிறு தட்டை ஆறு முதல் எட்டு வாரங்கள் இடைவிடாது அணிவதே பெரும்பாலும் போதுமானது. நடுமூட்டு நழுவி, மீண்டும் பொருத்திய பின் உறுதியாக நின்றால், காயமுற்ற விரலை அடுத்த விரலோடு சேர்த்து ஒட்டி இரண்டையும் கூடவே அசைக்கச் செய்வார்கள். நல்ல விரல் நோயுற்ற விரலைக் கைபிடித்து நடத்திச் செல்லும். மூட்டின் பரப்பில் முறிந்த துண்டு மூன்றில் ஒரு பங்கிற்குக் குறைவாயிருந்து, மூட்டும் நிலையாக இருந்தால், பெரும்பாலும் இத்தகைய எளிய வழிகளே கைகொடுக்கும்.

மூட்டு நிலைகொள்ளாமல் மீண்டும் நழுவும்போதுதான் சத்திரசிகிச்சையின் துணை தேவைப்படுகிறது. புதிய காயத்திற்குரிய முறைகளை முதலிற் காண்போம். ஜேர்மனியைச் சேர்ந்த மார்ட்டின் கிர்ஷ்னர் 1909ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய மெல்லிய உலோகக் கம்பி இன்றும் இத்துறையில் அன்றாடக் கருவியாக விளங்குகிறது. விலகிய துண்டை இடத்திற் சேர்த்து இக்கம்பியாலோ, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள திருகாணியாலோ நிறுத்துவார்கள். துண்டுகள் நொறுங்கிப் பொடியாகியிருந்தால், ஒவ்வொன்றையும் பிடித்து நிறுத்துதல் இயலாது. அப்போது எலும்பினூடே கம்பிகளைச் செலுத்தி, விரலுக்கு வெளியே அவற்றை வளைத்து, சிறு றப்பர் வளையங்களால் இழுவை கொடுக்கும் முறையொன்று உண்டு. ஜப்பானிய வைத்தியர் சுஸுக்கியும் அவர் தோழரும் 1994ஆம் ஆண்டில் விவரித்த இந்த அமைப்பில், மூட்டு சற்று விரிந்து நிற்கும்போதே மடங்கி நிமிரவும் முடிகிறது. அசைவே நொறுங்கிய துண்டுகளை ஓரளவு ஒழுங்குபடுத்தி விடுகிறது என்பதுதான் இதன் நுட்பம்.

நடுமூட்டின் கீழ்விளிம்பு சிதைந்து, எலும்பு பின்புறமாக நழுவி நிற்கும் காயம் மிகவும் சிக்கலானது. அமெரிக்க வைத்தியர்களான ஈட்டனும் மாலரிச்சும் 1980இல் வெளியிட்ட முறையில், சிதைந்த துண்டுகளை அகற்றிவிட்டு, முன்னர்க் கூறிய நார்த்தகட்டையே முன்னே இழுத்து அந்தப் பள்ளத்தில் தைத்துவிடுவார்கள். உடலின் சொந்தப் பொருளே புதிய மூட்டுப் பரப்பாகிறது. சிதைவு பாதிப் பரப்பையும் தாண்டினால் நார்த்தகடு மட்டும் போதாது, எலும்பே வேண்டும். மணிக்கட்டிலுள்ள எட்டுச் சிற்றெலும்புகளுள் கொக்கி போன்ற முனையுடைய ஒன்றின் விளிம்பு, விரலெலும்பின் அடிப்பாகத்தை வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கிறது. குருத்தெலும்புப் போர்வையோடு அதிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, சிதைந்த இடத்தில் திருகாணியாற் பொருத்துவார்கள். 1990களின் இறுதியில் அமெரிக்காவின் ஹேஸ்டிங்ஸ் என்னும் வைத்தியர் விவரித்த இம்முறை, இன்று பல நாடுகளிற் கையாளப்படுகிறது.

இனி, காலங்கடந்து வரும் பழைய காயங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். இவற்றிற்கு நான்கு அல்லது ஐந்து வழிகள் உண்டு. குருத்தெலும்பு நன்றாயிருந்து, சுற்றியுள்ள நார்கள் மட்டும் சுருங்கியிருந்தால், அவற்றை விடுவித்தலே முதல் வழி. ஆனால், விடுவித்த மறுநாளே பயிற்சி தொடங்கவேண்டும். பயிற்சியில் ஊக்கமில்லாதவருக்கு இந்தச் சிகிச்சை செய்தால், புதிய தழும்பு பழைய பூட்டை மீண்டும் பூட்டிவிடும்.

இரண்டாவது வழி மூட்டை ஒட்டவைத்தல். சிதைந்த பரப்புகளைச் சீவி, இரு எலும்புகளையும் பயனுள்ள ஒரு கோணத்தில் நிறுத்தி, கம்பியாலோ திருகாணியாலோ இறுக்கிவிடுவார்கள். சில வாரங்களில் இரண்டும் ஒரே எலும்பாகிவிடும். அந்த மூட்டு இனி ஒருபோதும் மடங்காது. கேட்ட மாத்திரத்தில் இது தோல்வி போலத் தோன்றும். ஆயினும் வலி நீங்குகிறது. விரல் உறுதி பெறுகிறது. மறுபடியும் சத்திரசிகிச்சை வேண்டிய நிலை அரிது. நடுமூட்டைச் சுட்டுவிரலில் ஏறத்தாழ 40 பாகையிலும், அங்கிருந்து படிப்படியாகக் கூட்டிச் சின்னவிரலில் 55 பாகை வரையிலும் நிறுத்துவது வழக்கம். சின்னவிரற் பக்கம் போகப்போகக் கைப்பிடிக்கு அதிக வளைவு தேவைப்படுவதே இதற்குக் காரணம். நுனிமூட்டையோ ஏறக்குறைய நேராகவே ஒட்டவைப்பார்கள். நுனிமூட்டின் அசைவை இழப்பது கைக்குப் பெரிய நட்டமாவதில்லை.

மூன்றாவது வழி செயற்கை மூட்டு. காயமுற்ற விரல்களுக்கு உலோகக் கீல் பொருத்திப் பார்த்த அனுபவத்தை அமெரிக்க இராணுவ வைத்தியர்களான பிரானனும் கிளைனும் 1959இல் வெளியிட்டனர். உலோகத் தண்டு காலப்போக்கில் எலும்பிற்குள் அமிழ்ந்தும் தளர்ந்தும் போயிற்று. 1960களில் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் அல்பிரட் சுவான்சன் வேறொரு வழியை நாடினார். வளையும் தன்மையுள்ள சிலிக்கோன் துண்டொன்றை அவர் இரு எலும்புகளுக்கிடையில் வைத்தார். அது கீலாக இருப்பதைக் காட்டிலும், இடைவெளியைக் காத்து நிற்கும் தக்கை போன்றதாக இருந்தது. உடல் அதனைச் சூழ்ந்து நார்ப்படலம் ஒன்றை வளர்த்துக்கொள்ள, அந்தப் படலமே மூட்டுக்கு உறுதியளித்தது. வாதநோயாற் சிதைந்த மூட்டுகளுக்காக உருவான இம்முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. பின்னர் உலோகமும் பிளாஸ்டிக்கும் இணைந்த மூட்டுகளும், கரியிலிருந்து ஆக்கப்படும் மிகக் கடினமான பொருளாலான மூட்டுகளும் வந்துள்ளன.

செயற்கை மூட்டு வலியை நன்கு தணிக்கும். ஓரளவு அசைவையும் தரும். இயற்கை மூட்டின் 100 பாகை அசைவு மீண்டும் வந்துவிடும் என்று எவரும் எதிர்பார்த்தல் ஆகாது. அதிற் பாதியளவு கிடைத்தாலே பலருக்கு நிறைவு. சிலிக்கோன் காலப்போக்கில் முறிவதுண்டு. பக்கவாட்டில் அழுத்தம் ஏற்படும்போது அது சாய்ந்துவிடும். பெருவிரல் ஓயாது எதிர்நின்று அழுத்தும் சுட்டுவிரலில் இதனாலேயே பலர் செயற்கை மூட்டைத் தவிர்க்கின்றனர். இளம்வயதில் கடும் உழைப்பில் ஈடுபடுவோருக்கும் அதனைத் தயங்கியே அளிக்கின்றனர்.

நான்காவது வழி கால்விரல் மூட்டைக் கைக்கு மாற்றுதல். ஒரு மில்லிமீற்றர் அளவேயுள்ள இரத்தக் குழாய்களை நுண்காட்டியின் கீழ் இணைக்கும் கலை வளர்ந்ததனால் இது இயல்வதாயிற்று. ஜப்பானின் நாரா நகரில் 1965இல் கொமாட்சுவும் தாமாயும் முற்றாகத் துண்டிக்கப்பட்ட பெருவிரலொன்றை மீண்டும் பொருத்தி வெற்றிகண்டது அக்கலையின் மைல்கல். காலின் இரண்டாம் விரலிலிருந்து மூட்டை அதன் இரத்தக் குழாய்களோடு எடுத்துக் கைவிரலிற் பொருத்தும்போது, அது உயிருள்ள மூட்டாகவே வாழ்கிறது. குழந்தைகளுக்கு இதனால் தனிச்சிறப்பான நன்மை உண்டு. எலும்பின் வளர்முனையும் கூடவே வருவதால், குழந்தையோடு விரலும் வளரும். நீண்ட நேரமும் அரிய பயிற்சியும் வேண்டும் இச்சிகிச்சையை எல்லா வைத்தியசாலைகளிலும் செய்ய இயலாது.

ஐந்தாவதாக, சொல்லத் தயங்கும் வழி ஒன்றும் உண்டு. உணர்வும் இழந்து, விறைத்து, பிற விரல்களின் வேலைக்கும் இடையூறாக நிற்கும் விரலை அகற்றிவிடுதலே சிலவேளை கைக்கு நன்மை பயக்கும். நான்கு விரல்களும் நன்றாக இயங்கும் கை, ஐந்தாவது விரல் தடியாக நீட்டிக்கொண்டு நிற்கும் கையைவிட நன்றாக உழைக்கும்.

இந்த வழிகளுள் எதனைத் தெரிந்தெடுப்பது? இங்கேதான் முதலிற் சொன்ன பழமொழி உயிர்பெறுகிறது. கொழுந்து கிள்ளும் பெண்ணொருவரின் சுட்டுவிரல் நடுமூட்டுச் சிதைந்துவிட்டதாகக் கொள்வோம். அவருக்கு வேண்டியது பெருவிரலுக்கு எதிரே தளராமல், வலியின்றி நிற்கும் ஒரு முனை. தக்க கோணத்தில் ஒட்டவைத்த மூட்டு அதனைத் தரும். அதே காயம் முள்ளுக் குத்தும் தொழிலாளியின் சின்னவிரலில் நேர்ந்ததாகக் கொண்டால், அவருக்கு வேண்டியது பிடியைச் சுற்றி இறுகும் வளைவு. அங்கே அசைவைக் காக்க முயல்வது தகும். அம்முயற்சி பலிக்காவிடின், கூடிய கோணத்தில் ஒட்டவைத்தல் தகும். மிருதங்கம் வாசிப்போருக்கும், தட்டெழுதுவோருக்கும், தையல் வேலை செய்வோருக்கும் விடை வேறுவேறாகும். நோயாளி தமது தொழிலை விவரமாகச் சொல்லாவிடின், மிகச் சிறந்த சத்திரசிகிச்சை வைத்தியரும் இருளில் அம்பெய்தவர் ஆவார்.

இந்த உண்மையைத் தமிழ் வழங்கும் நிலத்திலேயே நிலைநாட்டியவர்கள் உண்டு. பாக்குநீரிணைக்கு அப்பால், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த போல் பிராண்ட், 1914இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். தொழுநோயால் கொக்கி போல் வளைந்துபோன விரல்களைத் தசைநாண் மாற்றுச் சிகிச்சையால் நிமிர்த்தி, அத்துறையில் உலகுக்கே வழிகாட்டியானார். சிகிச்சை முடிந்ததும் நோயாளிகளை வெறுங்கையோடு அனுப்பிவிடாமல், தச்சு முதலிய தொழில்களில் அவர்களைப் பழக்குவதற்கும் அங்கே ஏற்பாடு செய்தார். நிமிர்ந்த விரலுக்கு வேலை கிடைத்தாலன்றிச் சிகிச்சை முற்றுப்பெறாது என்பது அவர் கண்ட தெளிவு. பின்னர், சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் வெங்கடசாமி என்னும் வைத்தியப் பேராசிரியர் 1971இல் கைக் காயங்களுக்கென்றே தனிப்பிரிவு ஒன்றைத் தொடக்கினார். ஆலைப் பொறிகளில் அகப்பட்டு வரும் ஏழைத் தொழிலாளரின் கைகளைக் காப்பதே அப்பிரிவின் பணியாக இருந்தது. கோயம்புத்தூரின் கங்கா மருத்துவமனையும் இன்று கைச் சத்திரசிகிச்சையிற் பெயர்பெற்று விளங்குகிறது.

நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. நாவலப்பிட்டி வைத்தியசாலையிற் காயத்தைக் காட்டி, படமெடுத்து, தேவையாயின் கண்டி, பேராதனை ஆகிய இடங்களிலுள்ள பெரிய வைத்தியசாலைகளுக்குக் கடிதம் பெற்றுச் செல்லலாம். வழி ஏறத்தாழ 40 கிலோமீற்றர்தான். ஆனால், நாட்கூலிக்கு உழைப்போருக்கு அந்த ஒரு நாட் பயணமும் ஒரு நாட் சம்பளத்தின் இழப்பு என்பதை மறந்துவிடலாகாது. விரல் காயத்தைப் பலர் அசட்டை செய்வதற்கு அறியாமை மட்டும் காரணமன்று, வறுமையும் காரணம். முதல் வாரத்தில் இழக்கும் இரண்டு நாட்சம்பளத்திற்கு அஞ்சி இருந்தால், பிற்காலத்தில் ஆண்டுக்கணக்கில் அரைப்பேராக இழக்க நேரும் என்ற கணக்கைத் தோட்டத்து அதிகாரிகளும் தொழிற்சங்கத்தினரும் தொழிலாளருக்கு எடுத்துரைத்தல் கடமையாகும்.

வேலை நேரத்தில் நேர்ந்த காயமாயின், அன்றே அதனைத் தோட்ட நிருவாகத்திற்கு அறிவித்துப் பதியச் செய்தல் வேண்டும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின் காரணமாக உறுப்பின் பயனை இழந்தோருக்கு நட்டஈடு கோரும் உரிமையை அளித்திருக்கிறது. பதிவும் வைத்தியச் சான்றும் இல்லாவிடின் அவ்வுரிமையை நிலைநாட்டுவது கடினம்.

சத்திரசிகிச்சை முடிந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுதல் கூடாது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் மீட்ட அசைவை லயத்து அறையில் இழந்துவிடுவோர் பலர். பயிற்சியாளர் கற்பித்த அசைவுகளை, அவர் குறித்த அளவில், நாள்தோறும் பலமுறை செய்தல் வேண்டும். வீக்கம் குறையும் வரை கையை உயர்த்தி வைத்தல் வேண்டும். சிறிது வலி இருக்கும். அதற்கஞ்சி விரலை அசையாது வைத்தால் தழும்பு இறுகும். மற்றொரு புறம், வலி பொறுக்காத அளவிற்குப் பிறரைக்கொண்டு மடக்கி வளைப்பதும் தீமையே. அதனால் வீக்கம் மிகும். புகைபிடித்தல் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கி எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். நீரிழிவு உள்ளவர்கள் அதனைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தாலன்றிக் காயம் எளிதில் ஆறாது. வேலைக்குத் திரும்பும்போது சில வாரங்களுக்கு இலகுவான வேலை வேண்டுமென வைத்தியரிடம் கடிதம் பெற்றுக்கொள்ளலாம்.

சிகிச்சைக்கு இசையுமுன் வைத்தியரிடம் கேட்டறிய வேண்டிய கேள்விகள் சில உண்டு. என் விரல் எத்தனை பாகை மடங்கும்? வலி முற்றும் நீங்குமா, குறையுமா? எத்தனை வாரங்கள் வேலைக்குச் செல்ல இயலாது? பிற்காலத்தில் மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படுமா? இவற்றோடு, “நான் இந்தக் கையால் இன்ன வேலை செய்கிறேன், கத்தியையோ கூடையையோ இப்படிப் பிடிக்கிறேன்” என்று கையாலேயே செய்து காட்டுதல் எல்லாவற்றிலும் நன்று. கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணித் தலையசைத்துவிட்டு வருவோர் நம்மவரிற் பலர். நல்ல வைத்தியர் அக்கேள்விகளை விரும்பி வரவேற்பார். அவற்றின் விடைகளிலிருந்துதானே அவரும் தமது வழியைத் தெரிந்தெடுக்க வேண்டியிருக்கிறது!

சிதைந்த மூட்டை இறைவன் படைத்தபடியே மீண்டும் ஆக்கித்தரும் வித்தை இன்னும் எவர்க்கும் கைவரவில்லை. வலியின்மை, உறுதி, அசைவு என்னும் மூன்றில் இரண்டையாவது மீட்டுத் தரும் ஆற்றல் இன்றைய சத்திரசிகிச்சைக்கு உண்டு. மூன்றில் எதனை விட்டுக்கொடுக்கலாம் என்பதை அந்தக் கைக்கு உரியவரும் வைத்தியரும் கூடியிருந்து தீர்மானிக்க வேண்டும். அவ்வாறு தீர்மானிப்பதற்குக் காலம் இருக்கும்போதே, அதாவது காயம்பட்ட முதல் சில நாட்களுக்குள்ளேயே, வைத்தியசாலைப் படியேறுவது ஒன்றே நாம் செய்யவேண்டுவது.